திருவொற்றியூரிலிருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு நேரம்?

சென்னை - போர்ட் பிளேர் தூரத்தைத் தேடினால் ஒரு தளத்தில் 740 வரும், இன்னொன்றில் 850, வேறொன்றில் 1,370. மூன்றும் சரிதான். முதலாவது கடல் மைல், அடுத்தது சாதாரண மைல், கடைசி கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. (2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். விமானக் குறியீடு அதே ஐஎக்ஸ்இசட்தான்.)

மேலே ஏறிய பிறகு ஜெட் மணிக்குச் சுமார் 840 கி.மீ. போகும். அந்தக் கணக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டிலோ 2 மணி 10, 15 நிமிஷம் என்று இருக்கும். கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏற்ற இறக்கத்தில் வேகம் குறைவது எல்லாம் அதில் அடக்கம்.

கிழக்கே பறந்தால் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். வடக்கே தள்ளிப் போனால் அது சரி. நம் அட்சரேகையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தரையில் தென்மேற்குக் காற்று அடித்தாலும், 10, 12 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்துதான் வீசும். அது மணிக்கு 80 கி.மீ. என்று வையுங்கள்: போக 108 நிமிஷம், வர 89. அந்த மாதங்களில் மழை மூடினால் இறங்க முடியாமல் விமானம் சென்னைக்கே திரும்புவதும் உண்டு, பக்கத்தில் இறங்க வேறு விமான நிலையம் இல்லை. போய் இறங்கும் அன்று மாலையே ஹேவ்லாக் தீவுப் படகுக்கு டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.

நமக்கு உண்மையான தலைவலி மீனம்பாக்கம் போய்ச் சேர்வது. விம்கோ நகர் டெப்போவிலிருந்து நேர் மெட்ரோ, 50 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் முதல் வண்டி காலை 5 மணி வாக்கில்தான். செக்-இன் கவுன்ட்டரை 60 நிமிஷம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக, ஏழரைக்கு முந்திய விமானம் என்றால் மெட்ரோவை மறந்துவிட்டு 3 மணிக்கே கார் சொல்லிவிடுங்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றிருந்தால் டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பக்கம் திரும்பச் சொல்லுங்கள். எந்த முனையம், டி1ஆ, டி4ஆ என்பதையும் டிக்கெட்டில் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

அங்கே கடிகாரத்தை மாற்ற வேண்டாம், சூரியன் மட்டும் 50 நிமிஷம் முந்தும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், ஊர் சுற்றுவதைக் காலையிலேயே வையுங்கள்.

கப்பலில் இதே 740 கடல் மைலுக்கு, 12, 13 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில், 60 மணி நேரம் பிடிக்கும். புறப்படும் தேதி தள்ளிப்போவது சகஜம். ஏறுமிடம் மட்டும் ராயபுரத்திலிருந்து ஆட்டோ தூரம்.