பொடுதலைத் திடலில் களைக்கொல்லிச் சோதனை: ஏழாவது வாரம்

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் அணி லான் பவுல்ஸில் (புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் ஆட்டம்) தங்கம் வென்றதிலிருந்து எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஆசை. நியூசிலாந்தில் பல பவுல்ஸ் திடல்களில் புல்லே கிடையாது. கோட்டுலா என்ற படர்செடிதான் தரையை மூடியிருக்கும். அது குளிர்ப் பிரதேசச் செடி. நமக்குத்தான் வாய்க்கால் ஓரத்துப் பொடுதலை இருக்கிறதே! சேலையூர் வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 8 அடி நட்டேன். பாய் விரித்தது போலப் படர்ந்துவிட்டது.

கார்த்திகை மழை ஓய்ந்தபோது பாதி இடம் அருகும் கோரையும். அருகைப் பிடுங்கினால் கணுவில் அறுந்து மறுபடி முளைக்கிறது. பொடுதலையும் கூடவே வருகிறது. சரி, மருந்து அடித்துப் பார்ப்போம் என்று கயிறு கட்டி நான்கு பாத்தியாகப் பிரித்தேன்.

உளுந்து, நிலக்கடலை வயலில் புல்லுக்கு அடிக்கும் குவிசாலோஃபாப் ஈதைல் 5 சதவீதம் வாங்கினேன். புல் இனத்தை மட்டுமே கொல்லும். ஒரு பாத்திக்கு லிட்டருக்கு 1 மில்லி, இன்னொன்றுக்கு 2 மில்லி. தேனீ வரும் என்பதால் பூக்களை முதலில் கத்தரித்துவிட்டேன். மூன்றாவதில் ஒரு மூலையில் மட்டும் 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி. நான்காவதைத் தொடவில்லை.

2 மில்லி பாத்தியில் ஏழாம் நாள் அருகின் நடுக்குருத்தை இழுத்தேன், கையோடு வந்தது, அடி அழுகியிருந்தது. பதினைந்தாம் நாள் வைக்கோல் நிறம். பொடுதலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷம்! 1 மில்லியில் மஞ்சளித்துவிட்டுத் தேறிக்கொண்டது. நான்காம் வாரம் 2 மில்லியிலும் மண்ணுக்குள் இருந்த தண்டு துளிர்த்தது, இரண்டாம் முறை அடித்தேன். 2,4-டி மூலையில் எதிர்பார்த்தபடியே பொடுதலை இலை முறுக்கிக் கருகியது. அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும் மருந்து, இங்கே ஆகாது.

கோரை அசையவே இல்லை. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும்; அது புல் இனமே இல்லை. மருந்தைக் கூட்டி அடிப்பதில் பயனில்லை. கிழங்கோடு தோண்டி எடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு சதுர அடி.

பக்கத்து வீட்டு மாமி பொடுகுத் தைலத்துக்கு இலை பறிக்க வந்தார். "மருந்து அடிச்சிருக்கேன் மாமி, இதைத் தொடாதீங்க" என்றேன். மறுநாளே தொட்டியில் தனியாக நட்டுக் கொடுத்துவிட்டேன்.