பெர்க்லி ஸ்பிரிங்ஸ் திருவிழாவில் ஆப்பிள் கொப்பரை கிண்டிய அனுபவம்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு மூலையில், வாஷிங்டன் நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில், பெர்க்லி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே ஊறும் இளஞ்சூட்டு நீரூற்றுகளைச் சுற்றி 1776-இல் அமைந்த ஊர் அது. அங்கு அக்டோபர் மாதம் கொலம்பஸ் நாள் வார இறுதியில் நடக்கும் ஆப்பிள் பட்டர் திருவிழாவை வேடிக்கை பார்த்துத் திரும்பியதோடு மனம் அடங்காமல், பின்பு கொப்பரை கிண்டும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, சேர விரும்புகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதி வைக்கிறேன்.

ஆப்பிள் பட்டரில் வெண்ணெய் கிடையாது. ஆப்பிளை அதன் சாற்றிலேயே போட்டு, கருஞ்சிவப்பாகச் சுண்டும் வரை நாள் முழுவதும் கிண்டி எடுக்கும் களி அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியா வழியாக இந்த மலைப்பகுதிகளுக்கு வந்து குடியேறிய ஜெர்மானியர்கள், குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும்படி பழத்தைச் சேமிக்கக் கையாண்ட முறை இது. ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்க இயலாத வேலை என்பதால், அக்கம்பக்கத்தார் கூடும் நாளாகவும் அது ஆகிவிட்டது.

குழுவில் சேர்வது பெரிய காரியமன்று. ஒரு படிவம், நெருப்பால் காயம் பட்டால் பொறுப்பு என்னுடையதே என்ற ஒப்புதல், கை கழுவுவதும் தலைமுடியை மூடிக்கொள்வதும் குறித்த அறிவுரை, அவ்வளவுதான். உடை பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்கள். பொறி பட்டால் செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; ஆகவே தடித்த பருத்தியோ கம்பளியோ, அதுவும் முழுக்கை வைத்ததுதான் அணிய வேண்டும்.

வேலை முந்திய நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய இரும்புக் கருவியில் ஆப்பிளைக் குத்திக் கைப்பிடியைச் சுற்றினால், தோல் ஒரே நாடாவாக உரிந்து விழும். நடுத்தண்டும் தனியே வந்துவிடும். கோல்டன் டெலிஷியஸ் பழம் இதற்குச் சொன்னபடி கேட்கும். இதே மாநிலத்தின் கிளே மாவட்டத்தில் தோன்றிய வகை அது. யார்க் இம்பீரியல் பழமோ ஒரு பக்கம் சரிந்த உருவம் கொண்டது. கருவி ஒரு புறம் ஆழமாகச் சீவி, மறு புறம் தோலை அப்படியே விட்டுவிடும். அதைக் கத்தியால்தான் திருத்த வேண்டும். இருந்தாலும் ஒரே வகைப் பழத்தை மட்டும் போடுவதில்லை. சீக்கிரம் கரைகிற பழமும், புளிப்போடு கெட்டியாக நிற்கிற பழமும் கலந்தால்தான் சுவை தட்டையாகாது என்பது மூத்தவர்களின் கணக்கு.

விடியுமுன் கொப்பரையைத் துலக்கினோம். செம்புக் கொப்பரையில் பச்சைக் களிம்பு துளியும் இருக்கக் கூடாது, அது நஞ்சு. நம் வீடுகளில் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பது போலவே, இங்கே வினிகரும் உப்பும் கொண்டு தேய்க்கிறார்கள். இரும்புப் பாத்திரத்தில் பழச்சாறு கறுத்து, இரும்பு வாடையும் ஏறிவிடும். செம்பு சூட்டைச் சீராகப் பரப்பும், ஆனால் புளிப்பான பண்டத்தை அதிலேயே ஆறவிட்டால் செம்பு கரைந்து அதில் இறங்கும். கொதிக்கும் வரை கொப்பரையில், இறக்கியதும் புட்டியில் என்பதே விதி.

முதலில் ஆப்பிள் சாற்றை மட்டும் ஊற்றிப் பாதியாகச் சுண்ட விட்டு, பிறகு துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். அந்த நேரத்திலிருந்து துடுப்பு நிற்கக் கூடாது. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கைப்பிடியின் முனையில், துளைகள் இட்ட பலகை செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும். புகைக்கும் தெறிப்புக்கும் எட்டி நின்று கிண்டுவதற்கு அந்த நீளம். ஓரமாக இரண்டு சுற்று, நடுவே ஒரு இழுப்பு என்று கற்றுக்கொடுத்தார்கள். தோள் பலத்தால் கிண்டினால் சிறிது நேரத்திலேயே கை ஓய்ந்துபோகும்; கால்களை அகட்டி நின்று இடுப்பை அசைத்தால் நெடுநேரம் தாங்கலாம். ஆள் மாறும்போது, அடுத்தவர் கைப்பிடியைப் பற்றி ஒரு சுற்று சேர்ந்து கிண்டிய பிறகே முதலாமவர் கையை எடுப்பார். அடிப்பிடித்தால் கொப்பரை முழுவதும் கருகல் வாடை ஏறும். அதற்குப் பரிகாரம் கிடையாது.

அடிப்பிடிக்காமலிருக்கச் செப்புக்காசுகளை உள்ளே போடும் பழக்கமும் உண்டு. துடுப்பு தள்ளத் தள்ள அவை அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. 1982-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஒரு சென்ட் காசு, செம்பு முலாம் பூசிய துத்தநாகமாக மாறிவிட்டதால், பழைய காசு வேண்டுமென்று தேடுகிறார்கள். எங்கள் குழுவில் காசு போடவில்லை. ஓயாமல் கிண்டும் ஆள் இருந்தால் காசுக்கு வேலை இல்லை என்றே எனக்கும் தோன்றுகிறது.

நண்பகலுக்குள் தெரு நிறைந்துவிட்டது. பிடில், பாஞ்சோ, மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் ஆகியவற்றோடு மலைநாட்டுப் பாட்டுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிக்க, துடுப்பின் ஓட்டமும் அந்தத் தாளத்துக்குத் தானாகவே இசைந்தது. அவரையும் சோள ரொட்டியும் தின்றுகொண்டே பலர் வந்து, தாங்களும் ஒரு கை கிண்டிப் பார்க்கக் கேட்டார்கள். கொடுத்தோம், கைப்பிடியின் பின்முனையை எங்களில் ஒருவர் விடாமல். திருவிழாக் கடைகளில் பாதிக்கு மேல் எந்தச் சந்தையிலும் கிடைக்கும் பொருள்களே. அதைக் குறையாகச் சொல்லவில்லை, வாடகை கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனாலும் கூட்டம் நின்று பார்த்தது கொப்பரையையும், கூடை முடைபவரையும், கொல்லரையும்தான்.

சர்க்கரையைப் பிற்பகலில்தான் சேர்க்கிறார்கள். முன்னதாகப் போட்டால் சீக்கிரம் கருகும். பட்டையும் கிராம்பும் அதற்கும் பிறகு, மணம் ஆவியோடு போய்விடாதிருக்க. இந்தக் கட்டத்தில்தான் கவனம் தேவை. களி இறுகியதும் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். முழுக்கைச் சட்டையின் அருமை அப்போது விளங்கியது. விறகை வெளியே இழுத்து, தணலை மட்டும் அடியில் விட்டோம். பதம் பார்க்க, குளிர்ந்த தட்டில் ஒரு கரண்டி விட்டார்கள். களியைச் சுற்றி நீர் வளையம் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. கசியாமல், தட்டைச் சாய்த்தாலும் நகராமல் நின்றால் இறக்கலாம்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். சூடான கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புக்குக் கால் அங்குலம் இடம் விட்டு நிரப்பி, வாயைத் துடைத்து, மூடி, கொதிநீரில் இறக்கி எடுத்தோம். ஆறும்போது மூடி உள்வாங்கி “டக்” என்று ஒலிக்கும். ஒலிக்காத புட்டியைத் தனியே எடுத்து வைத்து, குளிர்பெட்டிக்கு அனுப்பினார்கள். கொப்பரையை அன்றிரவே கழுவித் துடைத்து, உலர வைத்த பின்தான் கலைந்தோம்.

சேர விரும்புகிறவர்கள் முந்திய மாலைத் தோல் உரிக்கும் வேலைக்கும் சேர்த்தே பெயர் கொடுப்பது நல்லது. கிண்டும்போது புகையும் இரைச்சலுமாக இருப்பதால் யாரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். எந்தப் பழம், எவ்வளவு சர்க்கரை, எந்த விறகு என்ற பேச்செல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான் நடக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு அப்போதுதான் நேரமும் இருக்கிறது.