செட்டிகுளத்திலிருந்து போட்ட வாக்கு

இலங்கையில் 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமில், இராமநாதன் முகாமில் இருந்தோம். யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டிசம்பரிலிருந்துதான் பாஸ் எடுத்து வெளியே போய்வர விட்டிருந்தார்கள். அம்மாவின் அடையாள அட்டை முல்லைத்தீவுக் கரையில் பையோடு போய்விட்டது. அடையாளம் காட்ட ஓர் அட்டை இல்லாமல் வாக்குப் போட முடியாது.

எங்கள் பெயர்கள் பரந்தன் பக்கத்து வாக்காளர் இடாப்பில் இருந்தன. இருக்கிற இடத்துக்குக் கிட்ட, இடம்பெயர்ந்தவர்களுக்கென்று அமைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையத்தில் போட வேண்டுமென்றால் இடம்பெயர்ந்தவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இந்தச் செய்தியே நேரத்துக்கு வந்து சேரவில்லை. எங்களுக்குச் சொன்னது பக்கத்துக் கூடாரத்து ரீச்சர்.

தொலைந்த அட்டைக்குப் பதிலான தற்காலிக அட்டைக்குக் கிராம சேவகர் ஒப்பம் வேண்டும். எங்கள் கிராம சேவகரும் இடம்பெயர்ந்து வேறொரு முகாமில் இருந்தார். தேடிப் போனோம். அம்மாவைக் கண்டதும், ஒன்றும் கேட்காமலே பழைய முகவரியை முழுதாக எழுதினார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

சரி, யாருக்குப் போடுவது? 22 பேர் நின்றாலும் போட்டி வெற்றிலைச் சின்னத்துக்கும் அன்னச் சின்னத்துக்கும்தான். வெற்றிலையில் நின்ற மகிந்த ராஜபக்ச யுத்தகால ஜனாதிபதி, அன்னத்தில் நின்ற சரத் பொன்சேகா அதே யுத்தத்தின் இராணுவத் தளபதி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்குப் போடச் சொன்னது. தமிழ் அரசியல்வாதி சிவாஜிலிங்கம் சுயேச்சையாக நின்றார். மாமா போகவே வேண்டாம் என்றார். "2005இல போடாமல் விட்டு என்ன கண்டனாங்கள்?" என்று அம்மா கேட்டார். அந்த முறை புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்குப்பதிவு ஏறக்குறைய இல்லை. மகிந்த வென்றது சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில்.

தேர்தலன்று காலையில் வரும் என்ற பஸ் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் குண்டுகள் வெடித்தன என்ற செய்தி வரிசையில் பரவியது, சிலர் பிள்ளைகளோடு திரும்பிவிட்டார்கள். வாக்களிப்பு நான்கு மணிவரைதான். நாங்கள் அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். வேறு இருவருக்கு இரண்டாம், மூன்றாம் விருப்பையும் குறிக்கலாம், அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இடது சுண்டு விரலில் மை வைத்தார்கள். வெளியே வரும்போது அடுத்த பஸ் வந்து நின்றது. அதில் வந்தவர்களை உள்ளே விடவில்லை. பஸ் ஒழுங்கு செய்தவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. வாக்குப் பெட்டியை முகாமுக்கே கொண்டுவந்திருக்க வேண்டும்.

மகிந்த 57.88 சதவீதத்தோடு வென்றார். வன்னி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலையில் அன்னம் முன்னால் நின்றது. யாழ் மாவட்டத்தில் 25 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வாக்களிப்பு. வடக்குச் சனத்துக்கு அக்கறை இல்லை என்று அப்போது எழுதியவர்கள் இருந்தார்கள். அந்தக் கடைசி பஸ்ஸில் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன், அதனால் அந்தப் பேச்சை ஏற்க மாட்டேன். அம்மா அடுத்த கிழமையே நிரந்தர அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டார்.