கோழி தின்னி என்ற பெயர்

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

பெரியம்மா வீட்டில் இரண்டு கோழிக்குஞ்சுகளைக் காணோம். காலையில் கூண்டைத் திறந்து எண்ணிப் பார்த்தவர், "மாஞ்சே தெ பூல்தான் தூக்கிட்டுப் போயிருக்கு" என்றார். கோழி தின்னி. எங்கள் மொரீஷியஸ் வல்லூறுக்குத் தீவில் பேசும் க்ரியோல் மொழியில் அதுதான் பெயர். சின்ன வயதில் நானும் அதை நம்பியிருக்கிறேன்.

கூண்டின் அடியில் புதிதாகத் தோண்டிய பள்ளம் இருந்தது. கீரி. எலியை ஒழிக்க என்று 1900-இல் தீவுக்குக் கொண்டுவந்து விட்ட பிராணி. பறவை பள்ளம் தோண்டுமா என்று கேட்டேன். பெரியம்மா காதில் வாங்கவில்லை. மதியம் மாஹேபூர் போய்க் கம்பி வலை வாங்கி வந்து, கூண்டைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்தோம்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஃபெர்னே பள்ளத்தாக்குக்குப் போனேன். லயன் மலை எப்போதும் எங்கள் கண்ணெதிரில்தான் நிற்கிறது. அதன் பக்கத்தில் உள்ள இந்தக் காட்டுக்குள் நான் கால் வைத்தது இன்று மூன்றாவது முறைதான். வெட்கமாக இருந்தது.

நண்பகலில் வழிகாட்டித் தம்பி வல்லூறுக்கு இரையாக ஒரு வெள்ளை எலியை மேலே வீசினார். எந்தக் கிளையிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பழுப்பாக ஏதோ ஒன்று மரங்களுக்கு நடுவே வளைந்து வந்தது, எலி கீழே விழவில்லை. அப்புறம் எதிரே ஒரு கிளையில் உட்கார்ந்தபோதுதான் நன்றாகப் பார்த்தேன். புறாவை விடச் சிறியது. முதுகு செம்பழுப்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள். வெள்ளை வயிற்றில் மை தெளித்ததுபோல் கரும்புள்ளிகள். மஞ்சள் கால், அதில் அடையாளத்துக்கு மாட்டிய வண்ண வளையங்கள். கண் மட்டும் பெரிதாக, கருகருவென்று.

இறக்கை குட்டையாக, நுனி வட்டமாக இருக்கிறது. மற்ற நாட்டு வல்லூறுகள் பல வயல்வெளியின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று இரை தேடும். இது அடர்ந்த காட்டுக்குள் வாழப் பழகியது. கிளைகளுக்கு இடையே புகுந்து திரும்ப இந்தக் குட்டை இறக்கைதான் வசதி. முக்கியமான இரை மரத்தில் ஓடும் பச்சைப் பல்லி. தட்டான், சில்வண்டு, சிறு குருவி, சுண்டெலியும் உண்டு. எடை 250 கிராமைத் தாண்டாது. பெரியம்மாவின் சேவலை இது தூக்குவதா!

22 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி பிறந்துவிட்டது, வீட்டில் சைவம். பூஜை முடிந்ததும் பெரியம்மாவிடம் பழைய கதை கேட்டேன். சிறுமியாக இருந்தபோது மலேரியாவுக்காக ஆட்கள் வந்து வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடித்தார்களாம். "அந்த வாசனை இன்னும் மூக்கில இருக்கு" என்றார். அந்த மருந்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. வயல்களிலும் அதைத்தான் தெளித்தார்கள். பூச்சியில் ஏறி, பல்லியில் ஏறி, கடைசியில் வல்லூறின் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்துபோனது. காட்டைக் கரும்புக்காக ஏற்கெனவே வெட்டியாயிற்று. கூட்டில் இருந்ததைக் குரங்கும் எலியும் தின்றன. கோழி தின்னி என்று சொல்லி மனிதர்களும் சுட்டார்கள்.

1974-இல் காட்டில் மிஞ்சியதாகத் தெரிந்தவை நான்கே நான்கு. உலகம் முழுவதற்கும் நான்கு! இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

அந்த வருடம் ஒரு ஜோடி, குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறைப் பொந்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. 1979-இல் வேல்ஸிலிருந்து வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். முட்டை போனால் தாய் மறுபடியும் இடும், அதுதான் கணக்கு. அப்படி வளர்த்தவற்றை 1987 முதல் எங்கள் கிழக்குப் பக்க மலைகளிலும் விட்டார்கள். நான் பார்த்தது அவற்றின் வம்சம்.

பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க சுவத்து மருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளி அலைச்சலில் ஒரு மாதத்துக்கு மேல் போக முடியவில்லை. மரத்தில் கட்டியிருக்கும் கூட்டுப் பெட்டியைத் தூரத்திலிருந்து தம்பி காட்டினார். குஞ்சு பொரித்துவிட்டதாம். ஆண் பல்லியோடு வந்து கத்தியது. பெண் பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து இரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. ஆணை விடப் பெண் சற்றுப் பெரிது, இருவரும் பக்கத்தில் வந்தபோது தெரிந்தது.

தீவுக்கே உரிய பழைய காடு நல்ல நிலையில் 2 சதவீதம்கூட இல்லை. மிச்சக் காட்டில் வெளியிலிருந்து வந்த சீனக் கொய்யா மண்டிக் கிடக்கிறது. பறவை மீண்டுவிட்டது என்று ஒரு காலத்தில் கொண்டாடினோம். எண்ணிக்கை மறுபடி குறைந்து, 2014-இல் திரும்பவும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள். பெட்டி எத்தனை வைத்தாலும் பல்லி வாழ மரம் வேண்டுமே.

8 டிசம்பர், ஞாயிறு

பெரியம்மாவும் வந்தார். முட்டிவலியோடு மெதுவாக நடந்தார், நானும் அவசரப்படுத்தவில்லை. பெட்டி காலி. பக்கத்துக் கிளையில் ஒரு குஞ்சு, வால் இன்னும் முழுதாக வளரவில்லை, நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. தாய் பச்சைப் பல்லியோடு வந்து உட்கார்ந்ததும் குஞ்சு அதைப் பிடுங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

"இத்தனூண்டா?" என்றார் பெரியம்மா. கூண்டில் வலை போட்ட பிறகு ஒரு குஞ்சும் தொலையவில்லை. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. பல்லியின் வால் அலகுக்கு வெளியே இன்னும் துடித்தது. குஞ்சு விழுங்கி முடிக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.