ஐம்பது மீட்டரில் மூன்று நூல்

துப்பாக்கி லைசென்ஸ் விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து போன மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் தோப்புக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, தோக்கு வாங்கறீங்களாமா? ஒரு நாள் ராத்திரி நம்ம தோப்புப் பக்கம் வாங்க. பன்னி ஒரு தென்னங்கன்னு விடறதில்லீங்க." கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் பேசுவது தமிழ்தான். துப்பாக்கிக்கு மட்டும் மலையாளத்துத் 'தோக்கு' வந்து ஒட்டிக்கொண்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, இந்தப் பக்கம் துப்பாக்கி என்றாலே பன்னிதான் பேச்சு. ஆனால் அந்த வேலைக்குப் பன்னிரண்டு போர் (12 bore) என்கிற பெரிய துப்பாக்கி வேண்டும். நான் தேடியது பாயின்ட் 22 ரிம்ஃபயர் என்கிற சின்னத் தோட்டா ரைஃபிள். அதன் குண்டு 2.6 கிராம். அதால் பன்னியைச் சுட்டால் காயத்தோடு ஓடி எங்காவது ஓடையில் கிடந்து நாள் கணக்கில் சாகும். "இது காகிதத்தில் ஓட்டை போடறதுக்குங்க" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். கஞ்சிக்கோட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆக, அந்தப் பத்து என்பது மூன்று நூலும் ஒரு மயிரிழையும். சட்டைப் பொத்தான் அளவு. அதை ஐம்பது மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு அறுபது தடவை தொட வேண்டும்.

மூன்று வருடம் கோவையில் ஏர் ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் தொந்தரவு இல்லாத பொழுதுபோக்கு. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதை, பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு போனில் பார்த்தேன். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். அவர் சுட்டது மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலை. என் முழங்கால் மண்டியிட ஒத்துக்கொள்ளாது. படுத்துச் சுடுவது மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். அந்தத் தனிப் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. நான் ஒலிம்பிக்குக்குப் போகிற உத்தேசம் இல்லாததால் நஷ்டமில்லை.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். விண்ணப்பம் ஆன்லைனில். டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ், வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, துப்பாக்கி சுடும் சங்கத்தின் கடிதம், அப்புறம் போலீஸ் அறிக்கை, கடைசியில் கலெக்டரேட். எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம், ஆதாரில் பழைய வீட்டு எண் இருந்ததால் போனது.

எல்லையில் குடியிருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஒரு கேள்வி வரும். நான் கேரளம் என்று நிரப்பினேன். வீடு கேரளம், ரேஷன் கார்டு கேரளம், கை தானாக அதைத்தான் எழுதியது. லைசென்ஸ் கைக்கு வந்து, இரண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிறகுதான் உறைத்தது: நான் சுடப்போகும் ரேஞ்ச் கோவையில் இருக்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் இந்த லைசென்ஸ் செல்லாது. காலையில் டீத்தூள் வாங்கக்கூட எல்லை தாண்டுகிற ஊர் எங்களுடையது. அப்படியொரு கோடு அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. திரும்பவும் கலெக்டரேட். "சாரே, இது ஆத்யமே பறயண்டே?" என்று குமாஸ்தா சிரித்தார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்கிறார். நியாயம்தான். தமிழ்நாட்டையும் சேர்த்து வாங்க இன்னும் இரண்டரை மாதம்.

அந்த இடைவெளியில் சங்கத்துத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பழகினேன். எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம் அங்கிருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயது, பழைய மில் இன்ஜினியர், "என்ன தோட்டா கிடைக்குதுன்னு முதல்ல பாரு தம்பி" என்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அவர் சொன்னது பிடிபட ரிம்ஃபயர் தோட்டா எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடியில் நடுவே தனிக் குப்பியில் இருக்கும். ரிம்ஃபயரில் அது அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுற்றிலும் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பிடிக்கும். சுட்ட தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பித் திருத்திக்கொள்ள வழியில்லை. ஃபேக்டரி அன்றைக்கு எப்படிச் செய்ததோ அப்படித்தான். அதனால் ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டியாக இருந்தாலும் லாட் நம்பர் (ஒரே தடவையில் செய்த தொகுப்பின் எண்) மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கோவைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். நூல் லாட் மாறினால் துணியில் வரி விழுமே, அதே கதைதான்.

வேகமான தோட்டா நல்லது என்றும் நினைத்திருந்தேன். நேர் எதிர். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படுகிற குண்டு, வழியில் வேகம் குறைந்து மறுபடி ஒலிவேகத்துக்குள் இறங்கும்போது தள்ளாடும். போட்டித் தோட்டாக்களை அந்த வேகத்துக்குக் கீழேயே வைத்துச் செய்கிறார்கள்.

போல்ட் ஆக்‌ஷன் ஏன் என்பதை மட்டும் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. லேத் சக்கிலிருந்து வேலையைக் கழற்றி மறுபடி மாட்டினால் ரன்-அவுட், அதாவது சுழலும்போது மையம் விலகும் அளவு, மாறிப்போகும் என்று தினமும் திட்டிக்கொண்டிருப்பவன் நான். ஒவ்வொரு தோட்டாவும் ஒரே இடத்தில் ஒரே இறுக்கத்தில் உட்கார வேண்டும். கையால் தள்ளிப் பூட்டுகிற கனத்த போல்ட் அதைத்தான் செய்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு வழிகள் குறைவு. புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது தேசியப் போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்த 'ரினௌன்ட் ஷாட்'களுக்கு உரிய சலுகை. இஷாப்பூர் தொழிற்சாலையின் பாயின்ட் 22 நம் நாட்டிலேயே கிடைக்கும், விலையும் தாங்கும். ஆனால் மெல்லிய பேரல் (குழல்), திறந்த குறிபார்ப்பு (ஓபன் சைட்), எடை குறைவு. அது வேறு வேலைக்குச் செய்தது. மிச்சம் இருப்பது யாராவது சுட்டுவிட்டு விற்கிற பழைய ரைஃபிள்.

முதலில் பார்த்தது வெளியூர்க் கடை ஒன்றில். அலுமினிய ஸ்டாக் (பிடித்துத் தோளில் அணைக்கிற பாகம்), நீல நிறம், திருகித் திருகி எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம். பார்த்தவுடன் மனசு போய்விட்டது. அட்வான்ஸுக்குப் பணம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். பெரியவர் ஒரு வேலை சொல்லியிருந்தார்: காது குடையும் பஞ்சுக்குச்சி இரண்டு எடுத்துக்கொண்டு போ. ஒன்றைப் பேரலின் வாயில் விட்டு விளிம்பைச் சுற்றி மெல்ல வெளியே இழு. குண்டு கடைசியாக விட்டுப் பிரிகிற இடம் அது. அங்கே சின்னச் சிலும்பு இருந்தாலும் குண்டு ஒரு பக்கம் இழுபடும். இரண்டாவது குச்சியால், தோட்டா உட்காரும் சேம்பரின் வாயைத் தடவு. அவ்வளவுதான்.

முன்வாய் சுத்தமாக இருந்தது. சேம்பர் வாயில், ஊசி அடிக்கிற இடத்துக்கு நேராக, பஞ்சு இரண்டு இழை மாட்டிக்கொண்டது. டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தேன். அரிசி முனை அளவு ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் உள்ளே பிதுங்கிய உலோகம். தோட்டா இல்லாமல் யாரோ விசையை அழுத்தி அழுத்தி விளையாடியிருக்கிறார்கள். ரிம்ஃபயரில் வெறுமனே விசையை அழுத்தினால் ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் போய் அடிக்க வாய்ப்புண்டு. கடைக்காரரிடம் காட்டினேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லாத்துலயும் இருக்கும்" என்றார். பட்டறையில் இதே வசனத்தை நானே எத்தனை கஸ்டமரிடம் சொல்லியிருக்கிறேன்! பஞ்சை ஊதித் தள்ளிவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியவரே கேட்டார். "என்னோடதை எடுத்துக்கிறியா? கண்ணு போயிடுச்சு, முன் வளையம் ரெண்டா தெரியுது." அது ஆன்ஷுட்ஸ் கம்பெனியின் 1907. 1907 என்பது மாடல் எண். ஆண்டு என்று நினைத்து, "நூறு வருஷப் பழசா?" என்று என் மனைவி அலறியதால் சொல்கிறேன். கன்னம் படுகிற இடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது. அழகு என்று எதுவும் இல்லை. பஞ்சுக்குச்சி இரண்டு முனையிலும் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆடி மாதத்தில் சுட்டுப் பார்க்கப் போனது என் மடத்தனம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று கோவையைத் தாண்டியும் விடாது. அதே ரைஃபிள், அதே தோட்டா. ஒரு குண்டு பத்து, அடுத்தது எட்டு. இங்கே வளையத்துக்கு வளையம் எட்டு மில்லிமீட்டர்தான், ஒரு வீச்சுக் காற்று இரண்டு வளையத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு பெட்டித் தோட்டா வீண். அப்புறம் காலை ஆறரைக்கு, கொடித்துணி அசையாத நேரம் பார்த்து, பெரியவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

காற்றில்லாமலும் குண்டுகள் மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழுந்தன. அவர் என் மூச்சைக் குறை சொன்னார். எனக்குச் சந்தேகம் வேறு. ஸ்டாக்கோடு, தோட்டாவைப் பூட்டிச் சுடும் பாகமான ஆக்‌ஷனைப் பிடிக்கிற முன்பக்கத்துப் போல்ட்டில் ஆலன் கீயை வைத்தேன். கால் சுற்று சும்மா திரும்பியது. "முப்பது வருஷமா நான் அதைத் தொட்டதே இல்ல" என்றார், பெருமையாகவா வருத்தமாகவா என்று தெரியவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுபோன டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி) இரண்டு போல்ட்டையும் ஒரே அளவாக இறுக்கினேன். கோடு போய்க் கொத்தாக விழ ஆரம்பித்தது.

சங்கத்தின் வழியாக அப்போது கிடைத்தவை நான்கு வகை. ஒவ்வொன்றிலும் பத்து பத்தாக இரண்டு தடவை சுட்டேன். ஐந்து குண்டு சுட்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்தில் அதிர்ஷ்டம் நிறைய ஒளிந்துகொள்ளும். ஒரு தோட்டாவிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்தை எண்ணக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் குண்டில் பூசுகிற மெழுகு வேறு, புது மெழுகு பேரலுக்குள் படிந்த பிறகுதான் நிஜம் தெரியும். ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு வெர்னியரில் அளந்து, குண்டின் அளவு 5.6ஐக் கழித்தேன். இருந்ததிலேயே விலை கூடிய பெட்டியின் குண்டுகள் சிதறிய அகலம் 21 மில்லிமீட்டர். அதில் பாதி விலைகூட இல்லாத எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் 13. நம்பாமல் அடுத்த வாரமும் சுட்டேன். 14. அதே எஸ்கேயை இன்னொருவருடைய ரைஃபிளில் போட்டால் சுமாராகத்தான் விழுந்தது. அவருக்கு ஈலி என்கிற வேறு தோட்டா பொருந்தியது.

உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதற்கு பெரியவர் சொன்ன சோதனை எளிது. படுத்து, இலக்கைப் பார்த்து, கண்ணை மூடி நான்கு மூச்சு விட்டுத் திற. பார்வை அதே இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு ஜாண் தள்ளிப் போயிருந்தது. அவர் கை நீளம், என்னுடையது குட்டை. தோளில் படும் பின்கட்டையிலிருந்து இரண்டு தகடுகளைக் கழற்றியதும் சரியானது.

தனி ஆளிடமிருந்து வாங்குவதென்றால், விற்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் கொடுத்தேன். அது போக, பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. "என் நகைக்கு வாங்காத பெட்டி" என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

கைமாறின அன்று பெரியவர் ரைஃபிளோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். அந்த எஸ்கேயின் லாட் நம்பர். லைசென்ஸில் எழுதியிருந்த எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாதென்பதால், அனுமதித்த அளவுக்கு அந்த நம்பரிலேயே தேடி வாங்கினேன். இப்போது நான்கு பெட்டி மிச்சம். சங்கத்துக்கு அடுத்து வந்திருப்பது வேறு நம்பர். இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு, வெர்னியரோடு போக வேண்டும்.