வெள்ளம் வடிந்த பிறகு இடியும் கரை

எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடை வளைவில் 9 இரும்புக் கம்பிகளை அறைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 3 அடி நீளம். செங்குத்தான கரை முகத்தில் படுக்கைவாட்டில் இறக்கி, நுனி மட்டும் மண்ணோடு சமமாகத் தெரியும்படி விட்டது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அளவுகோலோடு இறங்கி, எத்தனை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். நீட்டிய நீளம் எவ்வளவோ, அவ்வளவு மண் போய்விட்டது என்று கணக்கு. ஒரு முறை நான்காவது கம்பியையே காணவில்லை.

இந்தக் கம்பி வேலையெல்லாம் ஒரு முட்டாள்தனத்துக்குப் பிறகு வந்த புத்தி. கரை சரியத் தொடங்கிய ஆண்டு, மேல் விளிம்பில் இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டேன். நன்றாகத் தூர் கட்டியது. பெருமழையில் மூன்று நாள் ஓடை நிரம்பி ஓடியபோதும் கரை அசையவில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். நான்காம் நாள் தண்ணீர் மளமளவென்று வடிந்து வெயிலும் அடித்தது. மதியம் ‘தொப்’பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் 12 அடி நீளத்துக்குக் கரை அப்படியே பெயர்ந்து ஓடைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையில் வெட்டிவேர், நட்ட வரிசைகூடக் கலையாமல்.

வெள்ளத்தில் நின்ற கரை வெயிலில் ஏன் இடிய வேண்டும்? ஓடை நிரம்பியிருக்கும்போது தண்ணீரே கரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேகமாக வடிந்தால் அந்த முட்டு போய்விடும். ஆனால் மண்ணுக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேறாது. ஊறிய மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2 டன் கனக்கும். துகள்களுக்கிடையே நிற்கும் நீரின் அழுத்தம், அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள விடாது. இதற்குள் அடிப்பாகத்தை வெள்ளம் குடைந்தும் போயிருக்கும். தாங்க ஒன்றுமில்லாத பாரம் வேறென்ன செய்யும்?

வெட்டிவேரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மண்ணில் அதன் வேர் 6 அடிக்கு மேல் இறங்கும். ஆனால் விழுந்த கட்டியில் அளந்து பார்த்தேன்: முதல் ஆண்டு வேர் இரண்டரை அடிதான். கரையின் உயரம் 10 அடி. நோய் காலில், நான் மருந்து தடவியது தலையில்.

கால் என்று சொல்வது கரை படுகையைத் தொடும் இடம். வளைவின் வெளிப்பக்கத்தில் ஓட்டம் அங்கேதான் மோதுகிறது. உள்பக்கத்தில் மணல் திட்டு வளர்கிறது. நீர் மண்ணை இழுக்கும் விசை ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது. அதே சரிவில் ஆழம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். அதோடு என் கரையின் அமைப்பும் மோசம். மேலே 7 அடி களிமண், அதன் கீழே நுண்மணல் அடுக்கு. களிமண்ணில் கத்தியால் கீறினால் கோடு விழுகிறது. மணல் அடுக்கு விரல் பட்டாலே பொலபொலவென்று கொட்டுகிறது. எந்த அளவுத் துகளை எந்த வேகம் கிளப்பும் என்று ஸ்வீடன் நாட்டு அறிஞர் யுல்ஸ்ட்ரோம் 1935இல் ஒரு வரைபடம் போட்டார். அதில் களிமண்ணைவிட நுண்மணல்தான் குறைந்த வேகத்திலேயே கிளம்புகிறது. களிமண் துகள் மிகச் சிறியதென்றாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது முறை காலிலிருந்து தொடங்கினோம். முதலில் கரையைச் சரித்தோம்: ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி கிடைச்சரிவு. நிலத்தில் ஒரு பட்டை போனதில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம்தான். பிறகு படுகைக்குக் கீழே 3 அடி பள்ளம் எடுத்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் விடும் வடிதுணி விரித்து, கல் அடுக்கினோம். உருண்டைக் கல் அழகாக இருக்கும், ஆனால் உருண்டு போகும். முனை முனையாக உடைந்த கல், பெரிதும் சிறிதும் கலந்து இருந்தால்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இரு முனைகளிலும் கல்வரிசையைக் கரைக்குள் வளைத்துப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பின்னால் புகுந்துவிடும்.

கல்லுக்கு மேலே தென்னை நார்ப்பாய் விரித்து, அதன் வழியாக நொச்சிப் போத்துகளைக் குத்தினோம். கட்டைவிரல் பருமன், இரண்டரை அடி நீளம், அடிப்பக்கம் சாய்வாகச் சீவியது. நீளத்தில் முக்கால் பங்கு மண்ணுக்குள். உதவிக்கு வந்த பையன் ஒரு வரிசை முழுவதையும் தலைகீழாகக் குத்திவிட்டான். கணு மேல்நோக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் போனது என் தவறு. மூன்றாம் வாரம் அந்த ஒரு வரிசையில் மட்டும் துளிரே இல்லை. நார்ப்பாய் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் வேர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும்.

“முழுக்கக் கல் கட்டிவிடலாமே” என்று பொக்லைன் ஓட்டிய அண்ணன் சொன்னார். கட்டலாம். ஆனால் வழவழப்பான சுவர் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதில்லை. என் கரையில் தப்பித்த வேகம் கீழே உள்ளவரின் கரையில் போய் மோதும். செடி நிறைந்த சரிவு தண்ணீரைத் தடுமாற வைக்கும்.

இந்த ஓடையே இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று இதன் வளைவுகள் சிலவற்றை வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். நீளம் குறைந்தால் சரிவு கூடும், சரிவு கூடினால் படுகை அறுபட்டு இறங்கும், கரை உயரமாகும். அமெரிக்காவின் புளோரிடாவில் 166 கிலோமீட்டர் வளைந்து ஓடிய கிசிம்மி ஆற்றை, வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை தோண்டி 90 கிலோமீட்டர் கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலங்கள் வறண்டன. பிறகு 1999இல் கால்வாயின் ஒரு பகுதியை மூடி ஆற்றைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பத் தொடங்கி, 2021இல்தான் முடித்தார்கள். நேராக்க 9 ஆண்டு, திரும்ப வளைக்க 22 ஆண்டு!

எங்கள் படுகை இன்னும் இறங்குகிறதா என்பதுதான் இப்போது என் கவலை. இறங்கினால் 3 அடிப் பள்ளத்தில் வைத்த கல்லும் ஒரு நாள் அந்தரத்தில் நிற்கும். அதனால் படுகையிலும் ஓர் அளவுக்கம்பை நட்டிருக்கிறேன்.

கடைசி வெள்ளத்துக்குப் பிறகு கல்வரிசைக்கு மேலே உள்ள கம்பிகள் ஒன்றும் நீட்டவில்லை. ஆனால் கல் முடியும் இடத்திலிருந்து 8 அடி தள்ளி, கரையின் மேலே, விளிம்புக்கு இணையாக முடி பருமனில் ஒரு விரிசல் ஓடுகிறது. நேற்று அதன் நேர் கீழே பத்தாவது கம்பியை அறைந்தேன்.