ஒருவழியாகச் சுருதி சேர்ந்தது: நாகசுரத் தட்டும் 44.5 சுற்றும்

நேற்று ராத்திரி சாம்பிள், அதாவது பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, சேர்ந்துவிட்டது. மேலே நாகசுரம், அடியில் சுருதி பிடிக்கும் துணைக் குழலான ஒத்து, இரண்டும் ஒரே சுருதியில் அசையாமல் நிற்கின்றன. ஹெட்போனைக் கழற்ற மனமே வரவில்லை.

இந்த வேலையில் இறங்கியதே ஒரு சண்டையால்தான். எல்லாக் காலத்துக்கும் சிறந்த ராப் ஆல்பம் எது? என் அண்ணன், நாஸ் என்ற நியூயார்க் ராப்பரின் 'இல்மேட்டிக்' கட்சி. 1994இல் வந்தது, பத்தே தடங்கள், சுமார் நாற்பது நிமிடம், ஒரு வரி வீண் இல்லை என்பார். மச்சான் கேப்டவுனின் ராப் குழு ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டியை விட்டுக்கொடுக்க மாட்டார். மண்டேலா பதவியேற்ற விழாவில் பாடியவர்களை விட்டுவிட்டு நியூயார்க்கையே பேசுவதா என்று கோபப்படுவார். சித்தப்பா மகனுக்கு டர்பன் பையன் நாஸ்டி சி இருந்தால் போதும். நான் பீட் ராக், சி.எல். ஸ்மூத் இருவரும் 1992இல் தந்த 'மெக்கா அண்ட் தி சோல் பிரதர்' பக்கம். அந்த ஒலிக்கு ஈடு இன்னும் வரவில்லை. வாயால் சொல்லி யாரும் ஒப்புக்கொள்ளாததால் செய்தே காட்டுவது என்று முடிவு செய்தேன்.

பீட் ராக்கின் கருவி இமூ எஸ்பி-1200, சாம்பிள்களைப் பதிந்து தாளத்தில் ஒலிக்க வைக்கும் பெட்டி. 1987இல் வந்தது, பதிவுத் தரம் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். மொத்த நினைவகம் பத்து நொடி, ஒரு சாம்பிளுக்கு 2.5 நொடிதான். நிஜக் கருவி விலைக்கு அருகில்கூடப் போக முடியாது. அதனால் கணினியில் அதே அளவுகளை வைத்துக்கொண்டு, சுருதியை முழு அரைச்சுரங்களாக (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு) மட்டுமே இறக்குவது என்று எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன்.

நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) 2.67 நொடி. 2.5இல் அடங்காது! அதனால்தான் அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டி, நேரத்தைக் குறைத்துப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கினார்கள். இறக்கும்போது மேல் ஒலிகள் உதிர்ந்து ஒரு மணல் கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். நான் உயிரை விடுவது அந்தக் கரகரப்புக்காகத்தான்.

தாத்தாவின் நாகசுர எல்பியில் (33⅓ சுற்றுத் தட்டு) 3.2 நொடிக்கு ஒரு பிடி, ஒரு சின்ன இசைத் துணுக்கு, இருக்கிறது. அதை 45இல் எடுத்து ஐந்து அரைச்சுரம் இறக்கினேன். ஒத்தின் சின்னத் துண்டை மட்டும் நேராக 33இல் எடுத்து லூப் ஆக்கினேன். இரண்டையும் சேர்த்தால் வயிற்றைப் புரட்டுகிற மாதிரி ஓர் அலை. காரணம் கணக்கில் இருக்கிறது. 33⅓இலிருந்து 45க்குப் போனால் சுருதி 5.2 அரைச்சுரம் ஏறும். ஐந்து இறக்கினால் 20 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மிச்சம். சாக்ஸபோன் துணுக்கில் இது தப்பித்துவிடலாம். ஒத்து விடாது, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதானே அதன் வேலை.

அப்படியென்றால் தட்டு 45இல் அல்ல, 44.5இல் சுற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரில் அது −1.1 சதவீதம். நான் தட்டு ஓட்டும் டெக்னிக்ஸ் 1200 எம்கே2 கருவியின் ஸ்லைடரில், பூஜ்யத்தில் ஒரு க்ளிக் உண்டு. அதன் பக்கத்தில் நுணுக்கமாக எதையும் நிறுத்தவே முடியாது, ஸ்லைடர் பள்ளத்துக்குள் வழுக்கிப்போகும். கருவியின் சுழல்மேடை ஓரத்தில் வேகம் காட்டும் புள்ளி வரிசைகளும் +6, +3.3, 0, −3.3 மட்டுமே காட்டும். கடைசியில் சுழற்சி அளக்கும் செயலியைப் போட்டு போனைத் தட்டின் நடுவில் வைத்து, நகத்தால் தள்ளித் தள்ளி 44.5 பிடித்தேன். ஸ்லைடரில் பென்சில் கோடும் போட்டாயிற்று. பிடி 2.4 நொடிக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது.

45 சுற்று சினிமா ஈபி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதை 78இல் ஓட்டினால் ஏற்றம் 9.5 அரைச்சுரம், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் மாட்டும்.

தட்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு இணைய விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய இரண்டு எல்பிகள் அப்பளம் போல வளைந்து வந்தன, பணமும் திரும்பவில்லை. இங்கே டர்பனில் கிரே ஸ்ட்ரீட் என்று நாங்கள் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுப் தாதூ தெருப் பக்கமோ, பழைய வீடு காலி செய்யும் இடங்களிலோ விசாரியுங்கள். கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான பழைய எச்எம்வி தட்டுகளில் அடித்தொனி நன்றாக இருக்கிறது.

டிரம்ஸ் இன்னும் தொடவில்லை. மீதி ஆறரை நொடி நினைவகத்தில் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஸ்னேருக்குப் பதில் உடுக்கை போடலாமா என்று ஓர் எண்ணம். அடுத்த தைப்பூசக் காவடிக்கு ரெக்கார்டரை எடுத்துப் போகிறேன், கோயிலில் அனுமதி கேட்டாயிற்று. அண்ணனுக்கு நேற்றே சாம்பிளை அனுப்பினேன். "ஒலி பிரமாதம், ஆனாலும் இல்மேட்டிக்தான்" என்று பதில் வந்தது. அதிலும் ஒரு பாட்டு பீட் ராக் செய்ததுதான் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.